விரல் ஓடிய கடிதம்

செருப்பு அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் தேயிலைச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள் புஷ்பமேரி டீச்சர்.

குடை எப்போதோ காற்றோடு போய்விட்டது. பள்ளிவாசல் மலையையே கரைத்துவிடுகிற மாதிரி ஜூன் மாத மழை.

ஏழரைக்குச் சங்கு ஊதும். அதற்குள் பிரட்டுக்களத்துக்குப் போயாக வேண்டும். தினமும் காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் இடம் அது. இன்றைக்குப் புதிதாக ஒரு பெயர் எழுதப்போகிறார்களாம்.

பால் ஊற்றுகிறவள் போகிற போக்கில் சொன்ன பெயர்: அழகுத்தாய்.

பன்னிரண்டு வயது. டீச்சரிடம் நாலாம் வகுப்பில் இது மூன்றாவது வருடம்.

எஸ்டேட் பேரேட்டில் ஏறிய பெயரைப் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அடித்துவிடுவார்கள். அப்படி ஏறிய பெயர் எதுவும் இதுவரை இறங்கி வந்ததில்லை.

போன வாரம்தான் அது நடந்தது.

நரிக் கதையைக் கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்தாள் அழகுத்தாய். வரிக்கு வரி விரல் ஓடியது. வாசிப்புக்கு நடுவில், "கடைசி பெஞ்ச், கதவைச் சாத்து, சாரல் அடிக்குது" என்றும் வாசித்தாள்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. முந்தின நாள் பாடத்துக்கு நடுவில் டீச்சரே சொன்னது அது. எட்டிப் பார்த்தாள். புத்தகத்தில் திறந்திருந்தது வேறு பக்கம்.

காதில் விழுந்த எதையும் அந்தப் பெண் மறப்பதில்லை. எழுத்துதான் கண்ணில் நிற்கவில்லை. "நெளியுது டீச்சர்" என்றாள், அடிக்குப் பயந்துகொண்டே.

அந்தக் கோளாறுக்கு என்ன பெயர் என்று புஷ்பமேரிக்குத் தெரியாது. மக்கு என்பது அதன் பெயர் இல்லை என்று மட்டும் தெரிந்தது. அந்தப் பெயரைச் சொல்லி மூன்று வருடம் முட்டி போட வைத்ததும் அவளேதான்.

வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பெண்ணின் அப்பனுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தனுப்பினாள். உங்கள் மகள் மக்கு இல்லை. தினமும் சாயந்திரம் தனியாக வைத்துச் சொல்லித் தருகிறேன். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பன் பெரியமுத்து நாலெழுத்து படித்தவன் என்று பெயரெடுத்தவன். சட்டைப்பையில் பேனா குத்தாமல் லயத்து வீட்டை விட்டு வெளியே வரமாட்டான். பேச்சைவிட எழுத்தை மதிப்பான் என்று நினைத்தாள்.

அவள் களத்தை எட்டியபோது ஆட்கள் வரிசையில் நின்றுவிட்டிருந்தார்கள். கடைசியில் அழகுத்தாய். முதுகில் கூடை முழங்கால்வரை தொங்கியது.

"வாங்க டீச்சரம்மா, நீங்களும் கொழுந்து கிள்ள வந்துட்டியளா?" என்றான் கங்காணி வீரபாண்டி. பெண்கள் சிரித்தார்கள்.

டீச்சர் நேராகப் பெரியமுத்துவின் முன்னால் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. "ஏன் இப்படிப் பண்றீங்க? நான் எழுதியிருந்தேனே!"

"நீங்க எழுதினதத்தான செய்யுதேன். எழுதியும் விட்டுட்டு இப்ப வந்து மறிக்கியளே?"

"நான் என்ன எழுதினேன்? வாசிங்க!"

அத்தனை கண்களும் அவன்மேல்.

பேனாவுக்குப் பின்னாலிருந்து கடிதத்தை உருவினான். தொண்டையைச் செருமினான். முதல் வரியில் விரலை வைத்தான்.

திக்காமல் வாசித்தான். "எவ்வளவு அடித்தும் படிப்பு ஏறவில்லை. இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம். ஏதாவது வேலையில் சேர்த்துவிடவும்."

"டீச்சரே சொல்லிட்டாக, அப்புறமென்ன?" என்றாள் ஒருத்தி.

புஷ்பமேரி பார்த்துக்கொண்டிருந்தது அவன் விரலை. அவள் கெஞ்சி எழுதிய வரிகளின் மேலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் முடிந்து, தாளின் ஓரத்தில் போய் நின்றது.

வாசிப்பு நிற்கவில்லை.

அப்போது சங்கு ஊதியது. கங்காணி பேரேட்டை மூடினான். கூட்டம் கூடைகளைத் தூக்கிக்கொண்டு கலைந்தது. அழகுத்தாய் மட்டும் நகராமல் அப்பனின் விரலையே பார்த்தபடி நின்றாள்.

"ஏட்டி, நடடி" என்று எவளோ முதுகில் தள்ளினாள். அழகுத்தாய் மழைக்குள் ஏறிப்போனாள்.

சங்குச் சத்தத்தில் அந்தக் கடைசி வரி டீச்சருக்கும் அழகுத்தாய்க்கும் மட்டும்தான் கேட்டது. என்றைக்கோ யாரோ உரக்க வாசித்துக்காட்டி அவன் காதில் தங்கிப்போன வரி.

"ஆகையால் தங்கள் மகன் பெரியமுத்துவின் பெயரை இன்றோடு நீக்கிவிட்டோம்."