நாலாயிரம் நாற்று

கூடத்தில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்.

ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் என் வீட்டுக்காரர், வலது காலை ஸ்டூல் மேல் நீட்டியபடி. கட்டிலின் விளிம்பில் மகன், கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு. அவன் பக்கத்தில் மருமகள், மடியில் எக்ஸ்ரே உறை. நான் வாசல் வெளிச்சம் விழும் இடத்தில், பழம் அடுக்கும் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் அட்டை, அதன்மேல் வெள்ளைத்தாள்.

அவருடைய பெட்டிகள் இரண்டும் ஏற்கெனவே காரில் ஏறியிருந்தன.

நர்சரிக்கு எழுத அன்றுதான் கடைசி நாள். ஸ்ட்ராபெரிக்கு நாங்கள் வருடா வருடம் புது நாற்று வாங்குகிறவர்கள். நர்சரிக்காரரிடம் போனில் சொன்னால் செல்லாது. எத்தனை நாற்று என்று கையெழுத்துப் போட்ட காகிதம் போக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவர் சொல்வார், நான் எழுதுவேன்.

"தேதி போட்டியா?"

"போட்டாச்சு."

"பாத்துக்கடா. தேதி போட்டு, ஐயா போட்டு, பொருள் போட்டு, அதுக்கு அடியில கோடு போட்டு... உங்கம்மா எழுதி முடிக்கறதுக்குள்ள நாத்து நர்சரியிலயே காய்ச்சிடும்."

மகன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டு, பொருளுக்கு அடியில் இன்னொரு கோடு போட்டேன்.

"மூணே மாசம்மா. ஆபரேஷன், அப்புறம் நடக்கப் பழகணும், அவ்வளவுதான். நடவுக்கு முன்னாடி அப்பாவைக் கொண்டாந்து விட்டுடறேன்."

"பாத்ரூம்ல ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி அடிச்சாச்சு அத்தை," என்றாள் மருமகள். "டைல்ஸ் போயிடும்னு வீட்டு ஓனர் ஒரே சண்டை. நான் விடலையே!"

நல்ல பெண். பெருமையாகத்தான் சொன்னாள்.

மூன்று மாதத்துக்காக யாரும் வாடகை வீட்டுச் சுவரில் துளை போடுவதில்லை.

என்னையும் வரச் சொன்னார்கள், இரண்டு முறை. இரண்டாம் முறை கூப்பிட்டது, பாத்திரம் காலியான பிறகு 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க' என்று உபசரிப்பது போல இருந்தது. பாத்தியில் இன்னும் காய் இருக்கிறது என்றேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

"எழுது," என்றார் அவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "போன வருஷம் மாதிரியேதான். நாலாயிரம்."

நாற்பது பாத்தி. பாத்திக்கு நூறு.

நடவுக்கு முன்னால் பாத்தி மேல் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது இரண்டு ஆள் வேலை. அவர் சுருளைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்னால் நடப்பார். நான் விளிம்பை மிதித்து, மண் அணைத்துக்கொண்டே போவேன். அடியில் சொட்டுநீர்க் குழாய் கோணாமல் கிடக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொள்வார். காற்று கிளம்பிவிட்டால் ஆளுக்கொரு பக்கம் ஷீட்டின் மேல் உட்கார்ந்துவிடுவோம். அது அடங்கும்வரை பேச்சு.

எங்கள் பேச்சில் முக்கால்வாசி அப்படி நடந்ததுதான்.

போன வாரம் மகன் அவரை டாக்டரிடம் கூட்டிப் போன அன்று, நான் மட்டும் ஒரு பாத்தி விரித்துப் பார்த்தேன். இந்த முனையில் கல்லை வைத்துவிட்டு அந்த முனைக்கு ஓடினால், நடுவில் உப்பிக்கொண்டு எழும். நடுவுக்கு வந்தால் முனை பறக்கும். விடிந்ததும் தொடங்கினேன். முடித்து நிமிரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நடவுப் பருவத்தில் காற்று எழும்பாத காலைகள் ஒன்பது கிடைக்கும். காலைக்கு ஒரு பாத்தி. கூலிக்கு ஆள் வைக்கிற அளவுக்குத் தோட்டம் பெரிதில்லை.

தொள்ளாயிரம் என்று எழுதினேன்.

முதலில் எண்ணால். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு எழுத்தால். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், பிறகு யாரும் மாற்ற முடியாது என்று. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள. கையெழுத்து.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சாச்சு."

"ஒட்டிடு. போற வழியில நானே போட்டுடறேன்."

மூன்றாக மடித்தேன். உறையில் போட்டு, பசை தடவி, நகத்தால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இருவரும் இரண்டு பக்கமும் தாங்கிக் காரில் ஏற்றினார்கள். காலை உள்ளே இழுத்து வைத்த பிறகு என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஃபில்டர் கழுவணும், மறந்துடாதே. குழாய் அடைச்சுக்கும்."

இருபத்திரண்டு வருடமாக அதைக் கழுவுவது நான்தான்.

"மறக்க மாட்டேன்," என்றேன்.

சாலைமுனைத் தபால்பெட்டி எங்கள் கேட்டிலிருந்தே தெரியும். கார் அங்கே நின்றது. கதவுக் கண்ணாடி இறங்கி, உறையோடு அவர் கை வெளியே வந்தது.

ஒவ்வொரு வருடமும் நான் எழுதி நீட்டியதும் வாங்கி, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் படிப்பார். எண்ணிக்கையை மூன்று தரம். ஒரு வருடம் 'நாற்று' என்பதற்குப் பதில் 'நாற்றுகள்' என்று எழுத வைத்து, முழுக் கடிதத்தையும் திரும்ப எழுதச் சொன்னார். அவர் படித்து முடிக்காமல் நான் பசை டப்பாவைத் திறந்ததே கிடையாது.

அன்றைக்கு மூக்குக்கண்ணாடி மூக்கின் மேலேயேதான் இருந்தது. கடிதத்தைக் கேட்கவில்லை.

பெட்டியின் வாய்வரை போன கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு உறையை விட்டது.