யுங்காஸ் இறக்கம்

கணவாயைத் தாண்டியதும் மினிபஸ் மேகத்துக்குள் இறங்கியது.

ரொக்சானா போர்வைகளை விலக்கி, மகனின் நெஞ்சில் காதை வைத்தாள்.

இருந்தது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே அதே இரைச்சல். தகரக் கூரையின் இடுக்கில் காற்று நுழைந்து போவது மாதிரி.

எவெர் பிறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

மலை மேலே, அவர்கள் ஊரான எல் ஆல்தோவில் டாக்டர் படம் வரைந்து காட்டியிருந்தார். வயிற்றுக்குள் இருக்கும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இதயத்தருகே ஒரு சின்ன வழி திறந்திருக்கும். பிறந்து மூச்சிழுத்ததும் அது தானாக மூடிக்கொள்ளும். மேலே காற்று மெலிசு. தான் பிறந்துவிட்ட செய்தி எவெரின் இதயத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

"கீழே கூட்டிட்டுப் போய்ப் பாரும்மா. சில பிள்ளைங்களுக்கு அங்க மூடிக்கும். இல்லேன்னா நெஞ்சைத் திறந்துதான் மூடணும்."

கணவனை மேலேயே விட்டுவிட்டு, கீழே யுங்காஸ் பள்ளத்தாக்கில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அவள் புறப்பட்டது அதனால்தான்.

சாலை வளைந்து வளைந்து இறங்கியது. வெறும் பாறைகளில் பாசி தெரிந்தது, பிறகு பெரணி, பிறகு மரங்கள். கண்ணாடியெல்லாம் ஈரம். பெண்கள் ஒவ்வொருவராகக் கம்பளிச் சால்வையைக் கழற்றினார்கள்.

"பிள்ளையை அவிச்சிராதே தாயி!" என்றாள் பக்கத்தில் இருந்த கோக்கா இலை வியாபாரி செனோபியா. "ஒரு போர்வையையாவது எடு. இது உங்க ஐஸ்பெட்டி ஊர் இல்ல."

ரொக்சானா ஒன்றை உருவி மடியில் போட்டுக்கொண்டாள். வெதுவெதுப்பில் கண் செருகியது. வண்டி நின்றுவிட்டதுபோலவும் மலைகள்தான் மெல்ல மேலேறிப் போவதுபோலவும் இருந்தது. இஞ்சின் சத்தம் மங்கியது. வானொலியின் கும்பியாப் பாட்டு ஏதோ அடுத்த மலையிலிருந்து வந்தது. உலகத்தையே யாரோ பஞ்சில் சுற்றி வைத்ததுபோல.

மறுபடி குனிந்து காதை வைத்தாள்.

தொம், தொம் என்று துடிப்பு மட்டும். நடுவில் ஒன்றுமில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்றுமே இல்லை.

"மூடிக்கிச்சு!" என்று கத்தினாள். குரல் அவள் தலைக்குள்ளேயே சுற்றியது. "என் பிள்ளைக்கு மூடிக்கிச்சு!"

பின்னால் யாரோ கை தட்டினார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். செனோபியா ஏதோ சொன்னாள். ரொக்சானாவுக்கு உதடுகள் அசைவதுதான் தெரிந்தது. கண்ணீர் வழிய வழியத் தலையாட்டினாள்.

செனோபியா ஆரஞ்சுச் சுளை ஒன்றை உரித்து அவள் வாயில் திணித்தாள்.

விழுங்கினாள்.

இரண்டு காதும் 'டப்' என்று திறந்தன. இஞ்சினின் உறுமல், கூடைக்குள் இருந்த சேவல், கும்பியா, சாலையோரம் கொட்டும் அருவி, எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தன.

"இந்த இறக்கத்துல எல்லாருக்கும் காது அடைக்கும்" என்றாள் செனோபியா, அடுத்த சுளையை உரித்தபடி. "அதுக்குத்தான் பழம் இல்லாம நான் வண்டி ஏறமாட்டேன். இப்ப நல்லாக் கேளு தாயி. கேட்டு எனக்கும் சொல்லு."

ரொக்சானா குனியவில்லை. மடியில் கிடந்த போர்வையை எடுத்து மகனின் நெஞ்சை மூடினாள்.

"தூங்குறான்" என்றாள்.

எவெர் கண்களை அகல விழித்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.