ஒரு பருக்கை மிச்சமில்லை

"நல்லா பாத்துக்கோங்க. ஒரு பருக்கை மிச்சமில்ல!"

இரண்டாம் வகுப்பு டீச்சர் தமிழரசி, சுவேதாவின் டிபன் பாக்ஸைக் கவிழ்த்துக் காட்டினாள். ஜமுனாமரத்தூரின் அந்தத் தனியார் பள்ளியில், பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த இருபது அம்மாக்களும் பரிசுக் கோப்பையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்கள். சுவேதாவின் அம்மா நதியா பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்தாள்.

பின்னே? ஜூன் மாதம் இதே கூடத்தில் எடை பார்க்க வந்த நர்சம்மா, "பதினாறு கிலோதான் இருக்கு. புள்ளைக்கு சோறு போடுறீங்களா இல்லியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். நதியா வீடு போய்ச் சேரும்வரை அழுதாள்.

மறுநாளே செல்போன் வீடியோவைப் பார்த்துச் சமையலில் இறங்கினாள். நட்சத்திர வடிவில் கேரட், பீட்ரூட் சப்பாத்தி, கீரை இட்லி, சாமை கட்லெட். எண்ணெய் கூடாது, சர்க்கரை கூடாது என்று சொன்ன வீடியோக்காரி, ருசியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

"அத எனக்குக் கட்டிடாத, புண்ணியமாப் போவும்" என்று அவள் கணவன் தனசேகரன் ஆபீஸுக்கு வெறுங்கையோடு ஓடினான். ஆனால் மகளின் டப்பா தினமும் காலியாகத் திரும்பியது. இப்போது சுவேதா பத்தொன்பது கிலோ.

"உங்க ரகசியத்த இவங்களுக்கும் சொல்லுங்க" என்றாள் தமிழரசி. "அந்த சாமை கட்லெட் பிரமாதம். வியாழக்கிழமை மட்டும் மிளகு கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

நதியா மைக்கைப் பிடித்தாள். சாமையில் எவ்வளவு நார்ச்சத்து இருக்கிறது என்று, வருஷா வருஷம் சாமை விதைக்கும் பெண்களுக்கு இருபது நிமிடம் விளக்கினாள். அவர்களும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள்.

"ஏங்க, நாங்க வூட்ல சாமைச் சோறுதான் ஆக்குறோம். என் பையன் தொட மாட்டேன்றான். இன்னாங்க பண்றது?" என்று கேட்டாள் முன்வரிசையிலிருந்த சின்னக்குழந்தை என்ற அம்மா.

நதியா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஆசையா, அழகா செஞ்சு குடுத்தா எந்தப் புள்ளைங்க வேணாம்னு சொல்லும்? சந்தேகமா இருந்தா என் பொண்ணையே கேளுங்க. சுவேதா, இங்க வா கண்ணு!"

"நேரமாச்சுங்க, எல்லாரும் டீ குடிச்சுட்டு..." என்று தமிழரசி சட்டென்று எழுந்தாள்.

நதியா விடவில்லை. மகளின் வாயருகே மைக்கை நீட்டினாள். "டெய்லி மத்தியானம் நீ சாப்புடுறதுல எது சூப்பரு? பயப்படாம சொல்லு."

சுவேதா அம்மாவைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். மைக் அதைக் கூடம் முழுக்கக் கேட்க வைத்தது.

"மிஸ், சொல்லிட்டா நாளைலேர்ந்து உங்க பூரிய எனக்கு மாத்திக் குடுக்க மாட்டீங்களா?"