கருப்பசாமி வளைவில் ஒரு நேர்காணல்

ஏலமலைச் சரிவில் செல்போன் சிக்னல் நிற்பது கருப்பசாமி கோயில் வளைவில் மட்டும்தான். ஆராய்ச்சிப் படிப்புக்கான வீடியோ நேர்காணலுக்குச் சுஜிதா அங்கேதான் தூறலில் நிற்கிறாள். "இரண்டு விண்மீன் திரள்கள் மோதிக் கலக்கும்போது, வாயு நடுவிலுள்ள கருந்துளையை நோக்கிச் சரிகிறது. அதனால் மையத்தின் வெளிச்சம்..." என்பதற்குள் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஒன்று ஹாரன் அடிக்கிறது. சாமிக்கு ஹாரன் அடிக்காமல் எந்த டிரைவரும் இந்த வளைவைத் தாண்டுவதில்லை. "கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்கிறார் திரையிலிருப்பவர். சுஜிதா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்குகிறாள், மறுபடி ஹாரன். அடுத்து வரும் ஜீப்பை அவளே கைநீட்டி மறிக்கிறாள். "அண்ணே, புண்ணியமாப் போகும், சும்மா போங்க. இந்த இன்டர்வியூ போச்சுன்னா எனக்கு அடுத்த வருசந்தான்." டிரைவர் ஒச்சப்பன் அவள் முகத்தைப் பார்க்கிறார், எஞ்சினை அணைக்கிறார். "வெரசா போண்ணே, கங்காணி வைவான்" என்று உள்ளிருந்து முணுமுணுத்த பாண்டீஸ்வரியே இறங்கிவந்து, மழைக்குப் போர்த்தியிருந்த தன் பிளாஸ்டிக் தாளைப் போனுக்கு மேல் விரித்துப் பிடிக்கிறாள். பின்னால் வந்த ஜீப்புகளையும் ஒச்சப்பன் கைகாட்டி நிறுத்துகிறார். வளைவில் தூறல் சத்தம் மட்டும் கேட்கிறது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலைப் பார்த்துக் கும்பிடுகிறார். "சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ அவுககிட்டச் சொல்லி முடி, ஆத்தா."