மண்வெட்டி படாத காடு

அண்ணன் வெயிலுமுத்துவை அவருடைய கரிசல் காட்டிலேயே அடக்கம் செய்வதற்காக மாடக்கண்ணு மண்வெட்டியை ஓங்கினார். உடனே வரப்பில் நின்ற கம்பத்திலிருந்து ஒலிபெருக்கி அலறியது. "தோண்டாதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் கரி காற்றில் கலந்துவிடும்."

காற்றிலிருக்கும் கரியை, அதாவது கார்பனை, மண்ணுக்குள் சேர்த்துவைக்கும் கம்பெனிக்கு ஊரே காடுகளைக் குத்தகைக்கு விட்டிருந்தது. அதற்குப் பிறகு உழவு இல்லை, விதைப்பு இல்லை. கம்பு விளைந்த ஊருக்குக் கம்பு லாரியில் வந்தது.

மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய கம்பெனி மேற்பார்வையாளர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடையைக் கும்பிட்டார்.

"மேலிடத்துல பேசிட்டேண்ணே. பொதைச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"எங்கண்ணன் காட்டுல எங்கண்ணனப் பொதைக்க உங்க மேலிடம் என்னய்யா சொல்றது?"

மேற்பார்வையாளர் கைபேசியை நீட்டினார். "இதுல ஒரு ரேகை மட்டும் வைங்க. ஒடம்புலயும் கரி இருக்குல்ல, அது கம்பெனிக் கணக்குல சேரணும்."

மாடக்கண்ணு கைபேசியைத் தட்டிவிட்டார். "போன ஆடியில ஒரு படி கம்பு வெதைச்சுக்கிறேன்னு அண்ணன் உன் கால்ல விழுந்தாரே, விட்டியாடா? இப்ப அவரையே வெதைக்கச் சொல்றியா?"

மண்வெட்டி கரிசலில் இறங்கியது. ஒலிபெருக்கி அலறிக்கொண்டே இருந்தது. பாடையைத் தூக்கி வந்தவர்களும் ஆளுக்கொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.