கடைசிப் பேச்சாளர்

"பேசிப் பேசியே கொல்லுறாங்களே டீச்சர்! பிள்ளைங்க எப்பதான் ஆடுறது?"

நடனப் பள்ளி ஆண்டு விழா. மேடைக்குப் பின்னால் குணசுந்தரி பொரிந்து தள்ளினாள்.

மகள் மதியம் இரண்டு மணிக்கே சலங்கை கட்டிக்கொண்டு நிற்கிறாள். இப்போது மணி ஐந்தரை. ஆறு மணிக்கு மண்டபத்தைக் கல்யாண விருந்துக்காரர்களிடம் விட்டாக வேண்டும். மேடையிலோ ஏழாவது பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"பேச்சையெல்லாம் கட் பண்ணுங்க லா. யாரு கேக்குறா?"

"சரிக்கா. இன்னும் ஒருத்தர்தான் பாக்கி. அவரை விட்டுட்டு உங்க மகளை மேடை ஏத்திடுறேன்," என்று பட்டியலை நீட்டினாள் நடன டீச்சர் தர்மினி.

பட்டியலைப் பார்த்ததும் குணசுந்தரியின் குரல் தணிந்தது.

"இவரு மட்டும் பேசட்டும் டீச்சர். அஞ்சே நிமிஷம்."

அவர் பேசினார். அடுத்த மாதம் சுங்கைப்பட்டாணியில் சலங்கை பூஜை, கூலிமில் நவராத்திரி நாட்டியம், மெர்போக் கோயில் திருவிழாவில் கோலாட்டம் என்று வரப்போகும் நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் வாசித்தார். "நம் பிள்ளைகளுக்கு மேடை கொடுங்கள்!" என்று அவர் முழங்கி முடித்தபோது, கல்யாண வீட்டார் நாற்காலிகளை இழுத்துப்போட ஆரம்பித்திருந்தார்கள்.

மகள் குனிந்து சலங்கையை அவிழ்த்தாள்.

"அப்பாவுக்கு ஏம்மா இவ்வளவு நீளமா எழுதிக் கொடுத்தீங்க?"

குணசுந்தரிக்குக் காதில் விழவில்லை. அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.