இலக்கு வரைபடம்

நிறுவனங்களைப் போலக் குடும்பங்களையும் வரைபடம் போட்டு மாற்றியமைத்த காலம் அது. மங்கையர்க்கரசி அந்த வேலையில் பேர்பெற்றவள். முன்பு அவளுடைய அண்ணன் திருமாறன் தன் வீட்டுக்கு அப்படியொரு படம் போட்டபோது, "அம்மாவால என்ன பயன்?" என்று கேட்டு அம்மாவைப் படத்திலிருந்து நீக்கினான். முதியோர் காப்பகத்தில் அம்மா யாருமில்லாமல் செத்துப்போனாள்.

இப்போது திருமாறனின் மகன் செழியன் அத்தையையே வேலைக்கு அழைத்திருந்தான். மங்கை வீட்டின் இன்றைய நிலையை முதலில் வரைந்தாள். பிறகு வரவேண்டிய நிலையை வரைந்து சுவரில் காட்டினாள். அதில் செழியனும் அவன் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள்.

"நான் எங்க, மங்கை?" என்றான் திருமாறன்.

"முதல் படத்துல இருந்தீங்கண்ணே."

"என் பையன் இதுக்கு ஒத்துக்கமாட்டான்."

செழியன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தான்.

"அடுத்த கட்டம் இடமாற்றம்ணே. நாளைக்கு ஆள் வரும்," என்றாள் மங்கை. மருமகள் கொடுத்த காப்பியை நிதானமாகக் குடித்தாள். அத்தனை ருசியான காப்பியை அவள் அந்த வீட்டில் குடித்ததே இல்லை.